எரிந்த கட்சியும் எரியாத கட்சியும்

தோற்றுப்போனவன் கதையை மனிதன் ஏன் மீண்டும் மீண்டும் நடித்துப் பார்க்கின்றான்? வென்றவன் புகழைப் பாடி மகிழ்வதில் வியப்பில்லை. ஆயின் நம் ஊர்களில் இரவிரவாக விழித்திருந்து ஆடப்பெறும் கூத்துகளை எண்ணிப் பாருங்கள். எரிந்து சாம்பலானவன், களத்திலே வீழ்ந்தவன், செய்யாத குற்றத்துக்காக வெட்டுண்டவன் ஆகியோரின் கதைகளே அவற்றுள் பெரும்பாலானவை. முடிவு யாது என்பது ஆடுவோனுக்கும் தெரியும், பார்ப்போனுக்கும் தெரியும். தெரிந்திருந்தும், இம்முறையாவது அவன் போகாமல் நின்றுவிட மாட்டானா என்று ஏங்காத நெஞ்சம் அக்கூட்டத்தில் இராது.

இவ்வேக்கம் வெறும் பேதைமையா? அன்றி இதனுள் ஒரு பயன் அடங்கியுள்ளதா? இதற்கு விடை தேடி நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. மாத்தளை மாவட்டத்துத் தோட்டங்களிலே, மாசி மாதத்துப் பனியிலே, தப்பொலியின் நடுவே அவ்விடை தலைமுறை தலைமுறையாக ஆடிக் காட்டப்பெற்று வந்துள்ளது. அதற்குக் காமன் கூத்து என்று பெயர்.

மாசி நிலவில் மதனும் ரதியும்

மலைநாட்டின் ஏனைய பகுதிகளிற் போலவே மாத்தளை மாவட்டத் தோட்டங்களிலும் காமன் கூத்து வெறும் பொழுதுபோக்காகக் கொள்ளப்பட்டதில்லை. அது விரதமும் வழிபாடும் சேர்ந்த ஒரு சமய வைபவம். மாசி மாதத்து அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை காணும் நாளில் காமன் கம்பம் ஊன்றுவர். அன்று தொடங்கி நிலவு வளர வளரக் கதையும் வளரும். மதனாகவும் ரதியாகவும் வேடம் புனைவோர் விரதம் காப்பர். ரதியாக ஆடுபவரும் ஆடவரே என்பது பழைய வழக்கம். பகலெல்லாம் மலையேறி உழைத்த கால்கள், இரவில் சலங்கை கட்டிக்கொண்டு லயத்துக்கு லயம் ஆடிச் செல்லும். மதனுக்கும் ரதிக்கும் திருமணம் நிகழும். ஊரே மணவீடாகும். பௌர்ணமி இரவிலோ அம்மணவீடு இழவு வீடாகும். சிவபெருமான் வேடம் பூண்டவர் நெற்றிக்கண் திறக்க, கம்பத்தைச் சுற்றி அடுக்கப்பட்டவை தீப்பற்றி எரியும். ரதியின் ஒப்பாரி மலைச்சரிவெங்கும் எதிரொலிக்கும்.

அதே மாசிப் பௌர்ணமியை ஒட்டியே மாத்தளை நகரில் ஸ்ரீ முத்துமாரியம்மன் தேவஸ்தானத்து மாசிமகத் தேர்கள் ஐந்தும் வீதியுலா வருகின்றன என்பது நோக்கத்தக்கது. நகரம் தேர் இழுக்கும் நாட்களை ஒட்டித் தோட்டம் காமனை எரிக்கின்றது. ஒன்று வெற்றியின் திருவிழா. மற்றையது தோல்வியின் திருவிழா. இரண்டுக்கும் உரியவர்கள் ஒரே மக்கள்தாம்.

இக்கலைகளைத் தேடித் தொகுத்தோரும் இம்மாவட்டத்திலேயே தோன்றியுள்ளனர். மாத்தளை வடிவேலன் மலையகப் பாரம்பரியக் கலைகளைப் பற்றி எழுதிய நூல், ஏட்டிலே இடம்பெறாத ஆட்டங்களுக்கு ஏட்டிலே ஓர் இடத்தைத் தேடித் தந்தது.

"போகாதே" என்னும் சொல்

காமதகனக் கதை நம்மவர் அனைவரும் அறிந்ததே. சூரபன்மன் முதலியோரின் கொடுமை தாளாத தேவர்கள், சிவபெருமானுக்கு ஒரு மைந்தன் தோன்றினாலன்றித் தமக்கு விடிவில்லை என்று உணர்கின்றனர். ஈசனோ மோனத்தில் அமர்ந்திருக்கின்றான். அம்மோனத்தைக் கலைக்கும் பொறுப்பு மன்மதன் தலைமேல் விழுகின்றது. கச்சியப்ப சிவாசாரியாரின் கந்தபுராணத்தில் மன்மதன் இப்பணியை விரும்பி ஏற்கவில்லை. அஞ்சுகின்றான், மறுக்கின்றான், பிரமனின் சாபத்துக்கு ஆளாவதிலும் சிவனாலே மாய்வது மேல் என்று துணிந்தே புறப்படுகின்றான். காளிதாசரின் குமாரசம்பவத்தில் ரதியின் புலம்பலுக்கென்றே ஒரு சருக்கம் ஒதுக்கப்பட்டுள்ளது. மயிலாடுதுறைக்கு அண்மையிலுள்ள திருக்குறுக்கை, காமன் எரிந்த தலமாக, அட்ட வீரட்டங்களுள் ஒன்றாகப் போற்றப்படுகின்றது.

காவியமும் புராணமும் தகனத்தையும் புலம்பலையும் பெரிதாகப் பாடின. கூத்தோ தகனத்துக்கு முந்திய ஒரு நாழிகையைப் பெரிதாக்கிக் கொண்டது. மதன் புறப்படும் வேளையில் ரதி வழிமறித்து நிற்கின்றாள். தான் கண்ட தீய கனவுகளைச் சொல்லுகின்றாள். சிவனின் ஆற்றலை எடுத்துரைக்கின்றாள். கெஞ்சுகின்றாள்; சினக்கின்றாள்; வாதாடுகின்றாள். மதன் தன் வில்லின் பெருமையைச் சொல்லி எதிர்வாதம் புரிகின்றான். இத்தர்க்கம் நீண்டுகொண்டே போகும். நல்ல ஆட்டக்காரர் வாய்த்துவிட்டால் பார்ப்போர் உறக்கம் மறப்பர்.

இத்தர்க்கம் ஏன் இத்துணை நீளுகின்றது? ரதியின் சொல்லுக்கு அங்கே உண்மையான ஆற்றல் உண்டு. அவள் பேசிக்கொண்டிருக்கும் வரையில் மதன் எரியவில்லை. ஒவ்வொரு பாட்டும் அவனுக்கு இன்னும் சிறிது ஆயுளைத் தருகின்றது. முடிவை அவளால் மாற்ற இயலாது. ஆயினும் மாற்ற முயலும் உரிமையை எவரும் அவளிடமிருந்து பறித்துவிடவில்லை. அன்றாடம் மேலிருந்து வரும் ஆணைக்குத் தலைகுனிந்தே பழகிய ஒரு சமுதாயம், ஆண்டுக்கொரு முறை, தேவர் ஆணையையே எதிர்த்து ஒரு பெண் வாதாடுவதை விடிய விடியக் கேட்டு நின்றது. இது சிறிய செய்தியன்று.

எரிந்தானா, எரியவில்லையா?

தஞ்சைத் தரணியில் இவ்வாதம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. மராட்டியர் ஆட்சிக்காலத்தில் அங்கே வேரூன்றியதாகக் கூறப்படும் லாவணிப் பாட்டில், காமன் பண்டிகையை ஒட்டி இரு கட்சியார் எதிரெதிரே அமர்ந்து பாடுவர். ஒரு சாரார் காமன் எரிந்தான் என்பர். மறு சாரார் எரியவில்லை என்பர். 'எரிந்த கட்சி', 'எரியாத கட்சி' என்றே அவர்களுக்குப் பெயர். புராணமும் சாத்திரமும் தர்க்கமும் துணையாக, வினாவும் விடையுமாக, இராப்பொழுது கழியும்.

இதன் அருமையைச் சற்றே சிந்தித்தல் வேண்டும். எத்துணையோ தலைமுறைகளாக முடிந்துபோன கதையென்று எவரும் கருதும் ஒன்றை, முடியவில்லை என்று வழக்காடுவதற்கென்றே நம் முன்னோர் ஒரு கட்சியை அமைத்து, அக்கட்சிக்கு உரிய மேடையையும் மரியாதையையும் வழங்கியுள்ளனர். எரியாத கட்சிக்காரன் பொய்யன் அல்லன்; பைத்தியக்காரனும் அல்லன். வழக்கு இன்னும் நிலுவையிலுள்ளது என்று நினைவூட்டும் வழக்குரைஞன் அவன்.

இரு கட்சிக்கும் இடம் தரும் ஒரு நுட்பம் கதையிலேயே உண்டு. ரதியின் வேண்டுதலுக்கு இரங்கிய இறைவன் மன்மதனை உயிர்ப்பிக்கின்றான். ஆயின் அவன் ரதியின் கண்ணுக்கு மட்டுமே உருவுடையவன், ஏனையோருக்கு உருவிலி. ஆதலின் அவனுக்கு அனங்கன், அதாவது உடலற்றவன், என்று பெயர். அவன் எரிந்தான் என்பதும் மெய். இருக்கின்றான் என்பதும் மெய். மீட்பு கிட்டியது, ஆனால் பாதி மீட்பே கிட்டியது. இப்பாதி மீட்பைப் பற்றிப் பின்னர் மீண்டும் பேசவேண்டியுள்ளது.

படுகளத்து நீரும் பத்தினியின் கையும்

தோல்விக் கதையை நடித்து, அதன் நடுவே ஒரு வாயிலைத் திறந்துகொள்ளும் இவ்வழக்கம் காமன் கூத்தோடு நின்றுவிடவில்லை. மலையகத் தோட்டங்களில் ஆடப்பெறும் மற்றொரு கூத்து பொன்னர் சங்கர். கொங்கு நாட்டு அண்ணன்மார் கதை அது. சோதரர் இருவரும் மாண்டு விழுகின்றனர். தங்கை தங்காள் களத்திலே வந்து அவர்களை எழுப்புகின்றாள். திருச்சி மாவட்டத்து வீரப்பூரில், மாசித் திருவிழாவின்போது, வீரர்களாகத் தம்மைப் பாவித்துக் கொள்வோர் அருள் வந்து படுகளத்தில் உயிரற்றவர் போல் வீழ்வதும், பின்னர் தீர்த்தம் தெளித்து எழுப்பப்படுவதும் பேர்பெற்ற நிகழ்ச்சி. இக்கதையை ஆராய்ந்த பிரெண்டா பெக் என்ற அறிஞர் 1982இல் அதைப் பற்றி ஒரு நூலையே வெளியிட்டார். எழுந்தபின் கதை வேறு திசையில் செல்வதில்லை. அண்ணன்மார் மீண்டும் நாடாள்வதும் இல்லை. எனினும் வீழ்ந்தவர்கள் ஒருமுறை எழுந்து நின்றார்கள் என்பதை ஊர் கண்ணாரக் கண்டுவிடுகின்றது.

நம் நாட்டுச் சிங்கள மக்களிடையே வழங்கும் பத்தினித் தெய்வ வழிபாட்டிலும் இதற்கொப்பான ஒரு பகுதி உண்டு. கம்மடுவ என்னும் சடங்கிலே 'மரா இபத்தீம' என ஒரு நாடகம் இடம்பெறும். கொன்று உயிர்ப்பித்தல் என்பது அதன் பொருள். நம் கோவலன் அங்கே பாலங்க என்னும் பெயரில் வருகின்றான். மதுரையிலே வெட்டுண்டு கிடக்கும் அவனைப் பத்தினி தேடிச் சென்று, புலம்பி, உயிரோடு எழுப்புகின்றாள். பேராசிரியர் கணநாத் ஒபேசேகர 1984இல் வெளியிட்ட பத்தினி வழிபாடு பற்றிய பெருநூலில் இச்சடங்கை விரிவாக ஆராய்ந்துள்ளார்.

இங்கே சிலப்பதிகாரத்தை நினைந்து பார்ப்பது பொருந்தும். தீக்கனவு கண்ட கண்ணகியிடம் அவள் தோழி தேவந்தி ஒரு பரிகாரம் சொல்லுகின்றாள். சோமகுண்டம், சூரியகுண்டம் ஆகிய துறைகளில் மூழ்கிக் காமவேள் கோட்டம் சென்று தொழுதால் பிரிந்த கணவனைக் கூடலாம் என்பது அவள் கூற்று. கண்ணகியோ அது தனக்குப் பெருமையன்று என மறுத்துவிடுகின்றாள். விதியை மாற்ற முயலாத கண்ணகியைக் காவியம் போற்றியது. மாற்ற முயன்று கணவனை எழுப்பிய பத்தினியை மக்களின் சடங்கு படைத்தது. இரண்டும் ஒரே தெய்வத்தின் இரு முகங்கள். அடிகள் எரிந்த கட்சி; மக்கள் எரியாத கட்சி.

கடல் கடந்த கற்பனை ஆட்டம்

இது கீழைத் தேயத்தவரின் பழமைப் பற்று என்று கருதுவோர் உளர். அவர்கள் பொருட்டுச் சற்று மேலைத் தேயத்தையும் நோக்குவோம். 1974ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற ஒரு விளையாட்டை வெளியிட்டனர். சிலர் ஒரு மேசையைச் சுற்றி அமர்வர். ஒருவர் கதையை நடத்துவார். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரமாகித் தாம் செய்வதையும் சொல்வதையும் வாய்மொழியாகவே கூறுவர். முயற்சி பலித்ததா என்பதைப் பகடை சொல்லும். மேடையும் இல்லை, பார்வையாளரும் இல்லை. இன்று உலகெங்கும் இளைஞர் இதனை ஆடுகின்றனர். நம் மாணவர்களுள்ளும் கணினி வாயிலாக இத்தகைய ஆட்டங்களில் ஈடுபடுவோர் உண்டு என்பதை ஆசிரியர்கள் அறிவர்.

இவ்வாட்ட வகையிலே கிரெக் ஸ்டஃபோர்ட் என்பவர் நமக்கு மிக நெருங்கி வருகின்றார். 1978இல் வெளிவந்த 'ரூன்குவெஸ்ட்' என்னும் ஆட்டம், அவர் புனைந்த குளோரந்தா என்ற கற்பனை உலகிலே நிகழ்வது. அவ்வுலகத்து மக்கள் தம் தெய்வங்களின் பழங்கதைகளுள் தாமே புகுந்து, தெய்வம் நடந்த வழியில் அடியொற்றி நடந்து, அங்கிருந்து ஓர் ஆற்றலைத் தம் ஊருக்குக் கொண்டு மீளலாம். தெய்வம் வென்ற இடத்தில் தாமும் வெல்லுதல் வேண்டும். தோற்ற கதைக்குள் புகுந்து அதனை மாற்ற முனைவதும் இயலாததன்று. ஆனால் அதற்குரிய விலை பெரிது. 1985இல் அவர் உருவாக்கிய 'பென்டிராகன்' என்னும் ஆட்டமோ ஆர்தர் மன்னனின் கதை. அம்மன்னனின் அரசு இறுதியில் அழியும் என்பது ஆடுவோர் அனைவருக்கும் முன்னரே தெரியும். வீரன் மாண்டால் அவன் மைந்தன் பாத்திரமாகி ஆட்டத்தைத் தொடர்வான். வருவதறிந்தும் அதன் நடுவே எவ்வாறு மேன்மையோடு வாழ்வது என்பதே அவ்வாட்டம் எழுப்பும் வினா.

தந்தை ஆடிய வேடத்தை மைந்தன் ஏற்பதும், விரதம் காத்துக் கதைக்குள் புகுவதும், அங்கிருந்து ஊருக்கு ஒரு நலத்தைக் கொண்டு வருவதும் காமன் கூத்துக் காண்போருக்குப் புதியனவல்ல. மேலைத் தேயத்து அறிஞன் மேசைமீது விதிநூலாக எழுதியதை, எழுத்தறியாத் தொழிலாளி மண்ணின்மீது காலால் எழுதினான்.

பிரேசில் நாட்டு அகஸ்டோ போவால் இன்னொரு வழியைக் கண்டார். அவருடைய மன்ற அரங்கிலே, ஒடுக்கப்பட்டவன் தோற்றுப்போவதாக ஒரு சிறு நாடகம் முதலில் நடிக்கப்படும். பின்னர் அதையே மறுபடி ஆடுவர். இம்முறை பார்வையாளர் எவரும் 'நிறுத்து' என்று கூவி மேடையேறித் தோற்றவனுடைய இடத்தில் நின்று வேறொரு வழியை முயன்று பார்க்கலாம். மேற்கு வங்கத்தில் 1985இல் தொடங்கப்பெற்ற ஜன சன்ஸ்கிருதி என்னும் குழு இம்முறையைச் சிற்றூர்களில் பரப்பியது. எளிய வெற்றியை நாடுவது அவ்வரங்கின் நோக்கமன்று. எவ்வழியை முயன்றாலும் எதிரி அங்கேயே நிற்பான். எங்கே வாயில் உண்டு, எங்கே சுவர் உண்டு என்பதைத் தடவிப் பார்த்து அறிவதே அதன் பயன்.

வடபாதை

இனி மாத்தளைக்கு மீள்வோம். இக்கூத்து இம்மண்ணில் ஏன் இத்துணை ஆழமாக வேரூன்றியது என்பதற்கு இம்மண்ணின் வரலாறே விடை தரும்.

தென்னிந்தியாவிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு அழைத்து வரப்பட்டோர் மன்னார்க் கரையில் இறங்கி, காடும் கொடுவெயிலும் கடந்து, தம்புள்ளை, நாலந்தை வழியாக மாத்தளைக்கு நடந்தனர். வடபாதை என்று அதற்குப் பெயர். வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் அவ்வழியெங்கும் அவர்களைக் கொன்றன. புதைக்கவும் ஆளின்றிக் கிடந்த உடல்கள் பல. அந்நடையின் இறுதியில் மலைநாடு தொடங்கும் இடம் மாத்தளை. 1880இல் இந்நகருக்கு இருப்புப்பாதை வந்தது. தலைமன்னாருக்கு அது 1914இலேயே வந்தது. அதற்குள் எத்தனையோ பேர் நடந்து தீர்த்துவிட்டனர். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியையும் அழித்தது. எந்தப் பயிருக்காக அவர்கள் மாண்டனரோ அந்தப் பயிரும் மாண்டது. அதன் இடத்தில் தேயிலையும் இறப்பரும் கொக்கோவும் வந்தன.

2023ஆம் ஆண்டில், மலையகத் தமிழர் இந்நாட்டுக்கு வந்து இருநூறு ஆண்டு நிறைவுற்றதை ஒட்டி, 'மாண்புமிகு மலையக மக்கள்' என்ற பெயரில் ஒரு நடைபயணம் நிகழ்ந்தது. ஜூலை 28ஆம் நாள் தலைமன்னாரில் புறப்பட்டவர்கள் ஓகஸ்ட் 12ஆம் நாள் மாத்தளையை வந்தடைந்தனர். பல இனத்தவரும் பல சமயத்தவரும் அவர்களோடு நடந்தனர். இதனைப் பேரணி என்று மட்டும் கொள்வது போதாது. முன்னோர் வீழ்ந்த வழியை அடியொற்றி மீண்டும் நடந்து, அக்கதையின் முடிவிலே வேறொன்றைச் சேர்க்கும் முயற்சி அது. மாண்டவர் எவரும் அதனால் எழவில்லை. ஆனால் பெயரின்றி வீழ்ந்தவர்களின் பொருட்டு, பெயரும் முகமும் உடையவர்கள் நடந்தார்கள். அன்று கங்காணியின் அதட்டலுக்கு நடந்த பாதையில் இன்று தம் கோரிக்கையைச் சொல்லிக்கொண்டு நடந்தார்கள். படுகளத்தில் தெளிக்கப்படும் நீரும் இதைத்தான் செய்கின்றது.

அனங்கனின் குடியுரிமை

இம்மக்களின் அரசியல் வரலாறும் காமன் கதையை ஒத்ததே. 1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸின் சார்பில் எழுவர் பாராளுமன்றம் சென்றனர். 1948இல் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் நிறைவேறியது, நெற்றிக்கண் திறந்தது. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அக்காங்கிரஸின் பிரதிநிதி ஒருவரேனும் இல்லை. 1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சியோரின் கணக்கு 1974இல் தீர்க்கப்பட்டது. ஒரே லயத்தில் அண்ணன் ஒரு நாட்டவனாகவும் தம்பி வேறொரு நாட்டவனாகவும் ஆன கொடுமையை இம்மாவட்டத்து முதியோர் அறிவர். ரதிக்குக் கிடைத்த அந்த ஒரு நாழிகை வாதமும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அவர்களைக் கேளாமலே முடிவு எழுதப்பட்டது.

பின்னர் உயிர்ப்பும் வந்தது. 1988ஆம் ஆண்டுச் சட்டமும், அதன்பின் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் நாடற்றோர் என்னும் நிலைக்கு முடிவு கட்டின. ஐம்பத்தைந்து ஆண்டுக்காலப் போராட்டத்தின் பயன் அது. அதனைச் சிறிதென்று சொல்லுவோன் நன்றி மறந்தவன் ஆவான். ஆயினும் அது அனங்கனின் உயிர்ப்பே அன்றோ? வாக்குச்சீட்டில் பெயர் உண்டு. காலூன்றச் சொந்தக் காணி பலருக்கு இல்லை. இன்றும் லயன் அறைகளிலே தலைமுறைகள் பிறந்து மூப்படைகின்றன. உயிர் மீண்டது, உடல் இன்னும் மீளவில்லை. எரிந்தது மெய் என்பதை மறந்தவன் மீட்பின் அருமையை அறியான். மீண்டது பாதியே என்பதை மறந்தவன் எஞ்சிய பாதியைக் கேட்கமாட்டான். இவ்விரண்டையும் ஒருசேர நினைவில் நிறுத்தும் வேலையைத்தான் கூத்து ஆண்டுதோறும் செய்து வந்தது.

முடிவை மாற்றலாமா?

இன்று அக்கூத்துக்கே ஒரு தகனம் நேரும்போல் உள்ளது. இளைஞர் பலர் கொழும்புக்கும் வெளிநாடுகளுக்கும் வேலை தேடிச் செல்கின்றனர். பதினைந்து நாள் விரதம் காக்க ஓய்வு எவருக்குண்டு? எஞ்சியோரும் கலைவிழா மேடைக்கென அதனைச் சுருக்கிவிட நேர்கின்றது. சுருக்கும்போது முதலில் வெட்டுண்பது ரதியின் வாதம், அது நீளமானது. அடுத்து ஒப்பாரி, அது சோகமானது. எஞ்சுவது திருமணமும் ஒளிவெள்ளமும் இறுதி நடனமும். 'பிள்ளைகள் அழும்படி முடிப்பானேன்? மதனைக் காப்பாற்றி விடுவோமே!' என்று நல்ல மனத்தோடு சொல்வோரும் உளர்.

அவர்களது நல்லெண்ணத்தை நான் ஐயுறவில்லை. ஆயினும் தீயில்லாத காமன் கூத்து, எரியாத கட்சிக்குச் செய்யும் உதவியன்று. அக்கட்சியை ஊமையாக்குவதே ஆகும். எரிந்தான் என்று சொல்ல ஆளில்லாத மேடையில், எரியவில்லை என்ற வாதத்துக்குப் பொருள் ஏது? வடபாதையில் எவரும் சாகவில்லை என்றும், 1948இல் எவரும் எதையும் இழக்கவில்லை என்றும் பாடப்புத்தகம் எழுதினால் நம் பிள்ளைகளின் துயரம் குறைந்துவிடுமா? அவர்களின் பாட்டன்மாரும் பாட்டிமாரும் இரண்டாம் முறையும் புதைக்கப்பட்டவர்கள் ஆவர்.

அதற்காகக் கூத்தை அப்படியே பெட்டியிலிட்டுப் பூட்டிவைக்க வேண்டும் என்பதும் என் கருத்தன்று. மாற்றுவதற்குரிய இடத்தைக் கதையே நமக்குக் காட்டியுள்ளது. அது ரதியின் வாதம். முடிவு நிலையானது, வாதமோ எல்லையற்றது. அவ்விடத்திலே புதிய பாடல்கள் பிறக்கட்டும். ஆடவரே பூண்டு வந்த ரதி வேடத்தைப் படித்த பெண்பிள்ளைகளும் பூணட்டும். கணவனைத் தடுக்கும் ரதி மட்டுமன்றி, அவனை அனுப்பிய தேவர்களிடம் நேரிற் சென்று, 'உங்கள் காரியத்துக்கு என் வீட்டுப் பிள்ளையே விறகா?' என்று கேட்கும் ரதியும் தோன்றட்டும். பாடசாலைகளில் எரிந்த கட்சி, எரியாத கட்சி எனப் பிரிந்து மாணவர் வாதிடட்டும். அதனினும் சிறந்த தமிழ்ப் பயிற்சியையும் வரலாற்றுப் பயிற்சியையும் நான் அறியேன். வேண்டுமாயின் போவாலின் முறைப்படி, பார்ப்போருள் ஒருவர் எழுந்து வந்து ரதிக்குப் பதிலாக வாதாடட்டும். மதன் அப்போதும் போவான். ஆயின் அவனைத் தடுக்க எத்தனை வழிகள் இருந்தன என்பதை அன்றிரவு ஊர் அறிந்துகொள்ளும். அவ்வறிவு அடுத்த நாட் காலை பெரட்டுக் களத்திலும், தொழிற்சங்கக் கூட்டத்திலும், காணிப் பத்திரம் கேட்டு நிற்கும் அலுவலக வாயிலிலும் பயன்படும்.

பழங்கதையை மாற்றுவது எவர்க்கும் எளிதன்று. வாதாடப் பழகிய நாவோ கதை முடிந்தபின்பும் ஓய்வதில்லை. மாசிப் பௌர்ணமிக்கு மறுநாள் கம்பத்தடியில் கிடக்கும் சாம்பலை நம் மக்கள் திருநீறு போல் நெற்றியில் இட்டுக்கொண்டால், அது தோல்வியை ஒப்புக்கொண்டதற்கு அடையாளமன்று. வழக்கு இன்னும் முடியவில்லை என்பதற்கு அடையாளம்.